கோரைப்பல் இல்லாவிட்டால் பெண்ணா?



1991 என்று நினைவு. ஏழாம் வகுப்பில் புதைபடிவம் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எலும்பை வைத்து ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வார்கள்?" என்று கேட்டாள். "பெரிதாக இருந்தால் ஆண், சிறிதாக இருந்தால் பெண்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. பையன்களையும் சேர்த்து, வகுப்பில் உயரமானவள் அவள்தான். தலைகுனிந்து உட்கார்ந்தவள், அப்புறம் கேள்வியே கேட்கவில்லை.

என் பதில் தவறு. கழுகிலும் பெரும்பாலான தவளைகளிலும் பெண்தான் பெரியது.

தென்னாப்பிரிக்காவில் கரூ என்றொரு வறண்ட நிலப்பரப்பு இருக்கிறது. (நம்ம கரூர் இல்லை!) அங்கே சாலை அமைத்த ஆண்ட்ரூ கெட்டஸ் பெயின், தான் கண்டெடுத்த மண்டையோடுகளை லண்டனுக்கு அனுப்பினார். 1845-இல் ரிச்சர்ட் ஓவன் அவற்றை ஆராய்ந்தார். மேல்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் நீட்டிக்கொண்டிருந்ததால் 'டைசினோடான்' என்று பெயரிட்டார். இரு நாய்ப்பல் என்று பொருள். கோரைப்பல் இல்லாத மண்டையோடுகளும் கிடைத்தன. 1860-இல் அவற்றுக்கு 'ஔடெனோடான்' என்று தனிப்பெயர் வைத்தார். அது டைசினோடானின் பெண்தான் என்று சிலர் பிற்பாடு கருதினார்கள். மண்டையோட்டின் மற்ற எலும்புகளையும் ஒப்பிட்டபோதுதான் இரண்டும் வேறு வேறு விலங்குகள் என்று தெளிவானது.

அதே கரூவில் டைக்டோடான் என்று இன்னொன்று. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, நாய்க்குட்டி அளவுள்ள தாவர உண்ணி. திருகுபோல் சுற்றி இறங்கும் வளை தோண்டி அதில் வாழ்ந்தது. இதிலும் சிலவற்றுக்குக் கோரைப்பல் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. 2003-இல் கார்வின் சல்லிவன், ராபர்ட் ரைஸ், ரோஜர் ஸ்மித் மூவரும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பல் இல்லாதவை எல்லாம் குட்டிகள் அல்ல, வளர்ந்தவற்றிலும் அப்படி உண்டு. ஆகவே இவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும். பல் உள்ளது ஆண், அந்தப் பல் சண்டைக்கான ஆயுதம் என்று முடிவுக்கு வந்தார்கள். தின்பதற்கான பல் என்றால் இரண்டுக்கும் இருந்திருக்க வேண்டுமே!

பார்த்தீர்களா, ஒரே ஊகம் ஓரிடத்தில் தவறு, இன்னோரிடத்தில் சரி. தந்தமில்லாத ஆண் யானையை மக்னா என்கிறோம் அல்லவா? ஒற்றை மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. பலவற்றைச் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளை இதைப் படித்தால்: கண்ணு, நீ கேட்டது நல்ல கேள்வி. டீச்சர்தான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரியாவிட்டால், "நாளைக்குப் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

வாழ்க வளமுடன்.