பாறையடியில் ஒரு செம்புள்ளி

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து வடபாகத்தில், நியூரம்பெர்க், பாம்பெர்க், பைராய்ட் ஆகிய நகரங்களுக்கு இடையே கிடக்கும் பிராங்கன்யூரா என்ற பிரதேசத்துக்கு, பனிச்சிகரங்களையே மலையென்று மதித்துப் பழகிய ஒருவர் வருவாராயின், காட்டுக்குள் ஒளிந்து நிற்கும் அந்தச் சுண்ணாம்புப் பாறைகளைக் கண்டு நகைக்கவே செய்வார். அவற்றுள் பல 25 மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை. ஆல்ப்ஸுக்குப் போகுமுன் கைகால்களைப் பழக்கிக்கொள்ளும் இடமாகவே அவை வெகுகாலம் கருதப்பட்டன. பிளவுகளில் இரும்பு ஆணிகளை அறைந்து, அவற்றையே பற்றியும் மிதித்தும் உச்சி சேர்வதில் எவரும் குறை காணவில்லை.

நியூரம்பெர்க்கில் 1954-இல் பிறந்த பாறையேறி குர்ட் ஆல்பர்ட், 1973-இல் அக்காலத்துக் கிழக்கு ஜெர்மனிக்குள் இருந்த எல்பே நதிக்கரை மணற்கல் மலைகளுக்குச் சென்றார். அங்கே ருடால்ஃப் பேர்மன் முதலானோர் முதல் உலகப் போருக்கு முன்பே வகுத்துவைத்த நியமங்கள் வழுவாது நடந்துவந்தன: கயிறும் வளையமும் உயிரைக் காக்க மட்டுமே, ஏறுவதற்குச் சொந்தக் கையும் காலுமே சாதனம். கல் மிருதுவானதாகையால் உலோகக் கருவிகளைப் பிளவில் செருகலாகாது. கயிற்று முடிச்சுகளையே செருகவேண்டும். வியர்வையைப் போக்கும் வெண்பொடிக்கும் தடை. சகல வசதிகளும் நிறைந்த மேற்கிலிருந்து போனவர், கருவிப் பஞ்சத்துக்குப் பேர்போன கிழக்கிலே பாடங்கேட்டுத் திரும்பினார் என்பதை நினைக்க எனக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம்.

ஊர் திரும்பிய ஆல்பர்ட், பிடிக்காமலும் மிதிக்காமலும் கடக்க முடிந்த ஆணிகளின்மேல் சிவப்புச் சாயத்தால் குறியிட்டு, ஒரு வழியில் எல்லா ஆணிகளையும் அவ்வாறு விலக்கி ஏறிவிட்டால் அதன் அடிப்பாறையில் செந்நிறப் புள்ளியொன்றை வைக்கும் வழக்கத்தை 1975-இல் தொடங்கினார். இயற்கையான கல்லில் சாயம் பூசியது அழகான காரியமன்று. எனினும், அந்தப் புள்ளி ‘ரோட்பங்க்ட்’ என்ற பெயரோடு தேசந்தோறும் பரவி, விழாமலும் கயிற்றில் தொங்கி இளைப்பாறாமலும் ஒரே மூச்சில் ஏறிமுடித்தலைக் குறிக்கும் நியமமாக நிலைபெற்றது. நடுவர் இல்லாத விளையாட்டு இது. நடுவில் ஒருகணம் கயிற்றில் அமர்ந்தவர், கீழே கயிறு பிடித்திருப்பவரைத் தவிர வேறெவரும் பார்க்கவில்லையென்றாலும், ஏறியதாகச் சொல்லிக்கொள்ளமாட்டார்.

ஆணியை விலக்கச் சொன்ன இந்நியமமே, விழுந்தாலும் தாங்கும் உறுதியான போல்ட்டுகளைத் துளையிட்டுப் பொருத்தும் வழக்கத்துக்கும் துணைநின்றது. அச்சமின்றி விழலாமென்ற நிலை வந்ததும், ஒரே அசைவை வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்று பார்ப்பது பாறையேறுவோருடைய அன்றாட வாழ்க்கையாயிற்று. கழுத்து நோக அண்ணாந்து கயிறு பிடிப்பதும், விரல் தோல் ஆறும்வரை பாறையடியில் அரட்டையடிப்பதும், மாலையில் கிராமத்து விடுதியில் காபியும் கேக்கும் உண்பதும் அதன் அங்கங்களே. ஆல்பர்ட்டோடு ஒரே வீட்டில் வசித்த வொல்ப்காங் குல்லிக், மரச்சட்டங்களில் காலூன்றாமல் கைகளாலேயே தாவித் தாவி விரல்களை வலுப்படுத்தி, ஓரிரு விரல்களே நுழையும் குழிகளைப் பற்றி 1991-இல் பிராங்கன்யூராவின் வால்ட்கோப் பாறையிலுள்ள ‘ஆக்சன் திரெக்த்’ வழியை முடித்தார். உலகில் அன்றுவரை ஏறப்பட்ட வழிகளுள் அதுவே அதிகடினமானதென்று கொள்ளப்பட்டது. அடுத்தவர் அதை ஏற 1995 வரை ஆயிற்று.

இப்போது வல்லூறும் பெருங்கோட்டானும் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பிராங்கன்யூராவின் சில பாறைகள் ஏறுவோருக்கு அடைக்கப்படுகின்றன. ஏறுவோர் சங்கங்களும் இயற்கைப் பாதுகாப்பாளரும் கலந்து செய்துகொண்ட ஏற்பாடு அது.