இரைப்பைப் புற்றுநோயின் இரத்தக் குறிப்பான்கள்

இரைப்பைப் புற்றுநோய் உள்ள சிலருடைய இரத்தத்தில், புற்றுச் செல்கள் சுரக்கும் சில பொருள்களின் அளவு கூடுகிறது. இவற்றைக் கட்டிக் குறிப்பான்கள் என்பர். மருத்துவமனைகளில் ‘ட்யூமர் மார்க்கர்’ என்றால்தான் புரியும். நோய் கல்லீரலுக்கோ வயிற்று உள்ளுறைக்கோ (பெரிட்டோனியம்) பரவி, அறுவை சிகிச்சையால் முழுவதும் நீக்க முடியாதபோது அது முற்றிய நிலை எனப்படும். அந்நிலையில் நோயின் போக்கைக் கணிக்க இக்குறிப்பான்கள் ஓரளவு உதவுகின்றன.

அதிகம் பயன்படுபவை இரண்டு. சி.இ.ஏ. என்பதை 1965-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் கண்டறிந்தனர். சி.ஏ. 19-9, 1979-இல் பிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலரி கோப்ரோவ்ஸ்கியின் குழு வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. வழக்கமான மேல்வரம்பு, முன்னதற்கு ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். பின்னதற்கு 37 யூனிட். இவற்றோடு சி.ஏ. 72-4, சி.ஏ. 125, ஏ.எஃப்.பி. ஆகியவையும் பார்க்கப்படுகின்றன. சி.ஏ. 125 மிகுந்திருந்தால் வயிற்று உள்ளுறையில் புற்று பரவியிருக்கலாம். அங்குள்ள நுண்ணிய படிவுகள் சி.டி. ஸ்கேனில் தப்பிவிடுவதால் இந்தத் தடயத்துக்கு மதிப்பு அதிகம். ஏ.எஃப்.பி. சுரக்கும் அரிய வகைப் புற்று கல்லீரலை எளிதில் பற்றும். அதன் போக்கும் கடுமையானது.

சிகிச்சைக்கு முன்பே இந்த அளவுகள் உயர்ந்திருப்பவர்களின் ஆயுள், ஒரு குழுவாகப் பார்க்கும்போது, குறைவாகவே உள்ளது. கீமோதெரபி தொடங்கியபின் அளவு படிப்படியாக இறங்குவது நல்ல அறிகுறி. ஆகவே ஒற்றை எண்ணைவிட, ஒரே ஆய்வகத்தில் அடுத்தடுத்து எடுத்த அளவுகளின் போக்கே பேசும். அதிலும் அவசரம் கூடாது. மருந்து ஏற்றிய முதல் சில வாரங்களில், மடியும் செல்களிலிருந்து இப்பொருள்கள் வெளியேறுவதால் அளவு தற்காலிகமாக ஏறக்கூடும். இதைக் கண்டு பலன்தரும் மருந்தை நிறுத்திவிடுவது பெரும் பிழை. ஸ்கேனும் நோயாளியின் உடல்நிலையும் சேர்ந்தே முடிவைத் தரவேண்டும்.

பிறழ்வுகளும் உண்டு. புகைபிடிப்போருக்குச் சி.இ.ஏ. உயர்ந்திருக்கும். பித்தநாளம் அடைபட்டு மஞ்சள் காமாலை வந்தால் சி.ஏ. 19-9 புற்றே இல்லாமலும் ஏறும். நூற்றில் 5 முதல் 10 பேருக்கு, அவர்களின் லூயிஸ் இரத்தவகை காரணமாக, சி.ஏ. 19-9 உருவாவதே இல்லை. அவர்களிடம் நோய் எவ்வளவு முற்றினாலும் அந்த எண் அசையாது.

முற்றிய நோயின் போக்கைக் கணிக்க 2004-இல் வெளிவந்த ராயல் மார்ஸ்டன் முறை நான்கு கூறுகளைக் கொண்டது: நோயாளியின் நடமாடும் திறன், கல்லீரல் பரவல், வயிற்று உள்ளுறைப் பரவல், இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் அளவு. மேற்சொன்ன குறிப்பான்களில் ஒன்றுகூட அதில் இல்லை. எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்க உதவும் ஹெர்2 என்ற புரதத்துக்கான சோதனையும் திசுவில்தான் செய்யப்படுகிறது. ஹெர்2 மிகுந்த புற்றில் கீமோதெரபியோடு டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுட்காலம் 11.1 மாதங்களிலிருந்து 13.8 மாதங்களாகக் கூடியதை 2010-இல் வெளியான டோகா ஆய்வு காட்டியது.

தொடக்கநிலைப் புற்றில் இக்குறிப்பான்கள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எனவே முழுஉடல் பரிசோதனையில் சி.இ.ஏ. சரியாக இருக்கிறது என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். இரைப்பைப் புற்றை உறுதிசெய்வது எண்டோஸ்கோப்பியும் பயாப்சியும்தான்.