ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய லாரிப் பெட்டிகள்



எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 1965-ம் ஆண்டு ரங்கூனிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்தபோது குடும்பத்தோடு வந்த பெட்டி அது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். எழுதியவர் எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர். "பெட்டி மேல எழுத்து இருந்தாத்தான்டா அது போய்ச் சேரும்" என்பார். போருக்கு முன்னால் ரங்கூன் துறைமுகத்தில் சுமை இறக்கியவர் அவர். அந்தக் காலத்தில் அங்கே இறங்கிய சில பெட்டிகளைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறேன். லாரிகளைக் கழற்றி, பாகம் பாகமாக அடைத்து அனுப்பிய பெட்டிகள் அவை.

இன்று நாம் யாங்கூன் என்று சொல்லும் ரங்கூனுக்கு ஏன் அத்தனை லாரிகள் வந்தன? 1937-ம் ஆண்டு ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்தது. சீனாவின் கடற்கரைத் துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஜப்பான் கைக்குப் போயின. வெளியுலகத்திலிருந்து சரக்கு வர சீனாவுக்கு ஒரு பின்வாசல் தேவைப்பட்டது. அதற்காகப் போட்டதுதான் பர்மா ரோடு. பர்மாவின் லாஷியோவிலிருந்து சீனாவின் குன்மிங் வரை 1,154 கிலோமீட்டர். மலையைக் குடைந்து, பெரும்பாலும் மண்வெட்டியும் கூடையுமாக, இலட்சக்கணக்கான கூலியாட்கள் 1938-ம் ஆண்டில் அதை முடித்தார்கள்.

ஆனால் லாஷியோவில் கடல் இல்லையே! கப்பல் வரக்கூடிய இடம் ரங்கூன். அங்கே இறங்கும் சரக்கு ரயிலேறி, மாண்டலே வழியாக, கோக்தெய்க் பள்ளத்தாக்கின் மேலுள்ள பெரிய இரும்புப் பாலத்தைத் தாண்டி, சுமார் 900 கிலோமீட்டர் போனால்தான் லாஷியோ. அந்தப் பாலத்துக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. 1900-ம் ஆண்டு வாக்கில் கட்டிய அந்தப் பாலத்தின் இரும்புத் தூண்களும் உத்தரங்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வார்த்து, துண்டு துண்டாகக் கப்பலில் ரங்கூனுக்கு வந்து இறங்கியவைதான்.

1941 மார்ச்சில் அமெரிக்கா லெண்ட்-லீஸ் என்ற உதவிச் சட்டத்தை நிறைவேற்றியது. மே மாதம் சீனாவும் அதில் சேர்க்கப்பட்டது. அதன்பிறகு ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு குவிந்தது. பெட்ரோல், துப்பாக்கி, தோட்டா, எல்லாவற்றுக்கும் மேலாக லாரிகள்.

லாரியை முழுதாக ஏன் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். கப்பல் வாடகையின் கணக்கு அப்படி. கப்பலில் எடைக்கு மட்டும் வாடகை இல்லை, அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் உண்டு. 40 கன அடி இடம் பிடித்தால், எடை குறைவாக இருந்தாலும் அதை ஒரு டன் என்று கணக்கிடுவார்கள். முழு லாரி என்றால் அடியிலும் மேலேயும் வெறும் காற்றுக்குத்தான் வாடகை கொடுக்க வேண்டும். அதனால் அடிச்சட்டம், எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சு, சக்கரம் என்று பிரித்து, கெட்டியான மரச்சட்டங்களில் அடித்து அனுப்பினார்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் குறியீடு, பெட்டி எண், மொத்த எடை, எங்கே சங்கிலி போட்டுத் தூக்க வேண்டும் என்ற அடையாளம் எல்லாம் இருக்கும். ஒரு பெட்டி தவறினால் லாரி ஓடாது. எஞ்சின் வந்து அச்சு வரவில்லை என்றால் எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் கணக்கு அத்தனை கறார். அதே 1941-ல் சீனாவுக்காக 100 பி-40 போர் விமானங்களும் இதேபோலப் பெட்டிகளில் புறப்பட்டன. நியூயார்க் துறைமுகத்தில் ஏற்றும்போது ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. ரங்கூனுக்கு வந்து சேர்ந்தவை 99. புறப்பட்டதும் கணக்கில் இருக்கிறது, விழுந்ததும் கணக்கில் இருக்கிறது.

இந்தப் பெட்டிகளை இறக்கியவர்கள் யார்? கப்பலின் பாரந்தூக்கி பெட்டியைத் தூக்கி வெளியே விடும். கீழே அதைப் பிடித்துத் திருப்பி, உருளைகளில் ஏற்றி, கிட்டங்கிக்குத் தள்ளிப் போவது மனிதர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தெலுங்கர்கள். தமிழர்களும் உண்டு. அன்றைய ரங்கூனில் 1931 கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார், கூலியும் மேஸ்திரி கையால்தான் வரும். 1930 மே மாதம் கூலி உயர்வு கேட்டுத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியர்களை வேலைக்கு எடுத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களை அனுப்பிவிட்டார்கள். அதில் மூண்ட கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏழையும் ஏழையும் அடித்துக்கொண்டார்கள், கப்பல் முதலாளிகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற கூட்டத்தின் மீதே குண்டுகள் விழுந்தன. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்தன. இரண்டாயிரம் பேருக்குக் குறையாமல் இறந்திருப்பார்கள் என்கிறார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு புரோம் சாலையில் வடக்கே நடந்தார்கள். கப்பல்கள் சரக்கோடு ஆற்றில் நின்றன, இறக்க ஆளில்லை.

அப்போதுதான் அரசாங்கத்துக்குக் கூலிக்காரனின் அருமை தெரிந்தது. நடந்துகொண்டிருந்தவர்களில் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். உடம்பில் தெம்புள்ள ஆண்கள் கப்பலேறி ஊர் திரும்பக் கட்டுப்பாடு வந்தது. எங்கள் ஐயாவும் பாதி வழியில் திரும்பியவர். "லாரி போகணும்னு எங்களை நிறுத்துனாங்க. நாங்க போகணும்னு ஒரு லாரியையும் நிறுத்தலை" என்று சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட வராது.

1942 மார்ச் 7-ம் தேதி ஆங்கிலேயர் ரங்கூனைக் கைவிட்டார்கள், மறுநாள் ஜப்பானியர் நுழைந்தார்கள். எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று, பாதி பூட்டியும் பூட்டாமலும் கிடந்த 900-க்கு மேற்பட்ட லாரிகளையும் 5,000 டயர்களையும் அமெரிக்கர்கள் அழித்தார்கள். 683 லாரிகளையும் 260 ஜீப்புகளையும் ஏற்கெனவே ஆங்கிலேயப் படைக்குக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் 19,000 டன்னுக்கு மேல் சரக்கு ரங்கூனிலேயே கிடந்து போயிற்று. இவை எல்லாம் அமெரிக்க ராணுவ வரலாற்றில் அச்சில் இருக்கின்றன. போர்வை எத்தனை எரிந்தது என்பதுகூட இருக்கிறது.

இனி நம்முடைய கணக்குக்கு வருவோம். அந்த மாதங்களில் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்கள் நான்கு முதல் ஐந்து லட்சம் பேர் என்கிறார்கள். பெரும்பாலோர் நடந்து வந்தவர்கள். தவுங்குப் கணவாய் தாண்டி அரக்கான் கரைக்குப் போனவர்கள் உண்டு. தமு வழியாக மணிப்பூருக்கு ஏறியவர்கள் உண்டு. காலராவிலும் பசியிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர்? பத்தாயிரம் என்பார் ஒருவர், ஐம்பதாயிரம் என்பார் இன்னொருவர். அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. நேயர்களே, இரண்டுக்கும் நடுவே நாற்பதாயிரம் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு டயர் குறைந்தால் கேட்பதற்கு ஆளிருந்தது. இவர்களை எழுதிக்கொள்ள ஆளில்லை.

எங்கள் ஐயாவின் தம்பி தவுங்குப் பாதையில் இறந்தார். எந்த இடம், எந்தத் தேதி என்று ஐயாவுக்கே தெரியாது. ரங்கூன் விழுந்த மாசிக்குப் பின், பங்குனியில், என்பது மட்டும்தான் அவருக்கு நினைவு. அதனால் நாங்கள் பங்குனி அமாவாசையில் அவருக்குச் சோறு படைக்கிறோம்.

போர் முடிந்து ஐயா மறுபடியும் ரங்கூனுக்குப் போனார். போர்க்காலத்து ஷெவர்லே லாரிகளின் அடிச்சட்டத்தில் மரக்கூடு கட்டி அங்கே பஸ்ஸாக ஓட்டினார்கள். பல பத்தாண்டுகள் அவை ஓடின. இரும்புக்கு அங்கே நீண்ட ஆயுள் கிடைத்தது, நமக்குத்தான் கிடைக்கவில்லை. 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-ல் கடைகளை அரசுடைமையாக்கினார், மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். மறுபடியும் மூட்டை கட்டினோம். இந்த முறை கப்பல் கிடைத்தது.

நம் நேயர்களில் பர்மாவிலிருந்து வந்தவர்களும் உண்டு, இலங்கையிலிருந்து மண்டபம் வழியாக வந்தவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வழி வந்தீர்கள், கூட யார் யார் வந்தார்கள், யார் வந்து சேரவில்லை என்று கேட்டு, ஒரு நோட்டில் பெயரோடு எழுதி வையுங்கள். தேதி தெரியாவிட்டால் மாதம் போதும், மாதம் தெரியாவிட்டால் மழைக்காலமா வெயில்காலமா என்று எழுதுங்கள். ஒரு பிரதியை நிலையத்துக்கும் கொடுத்தால் பத்திரமாக வைப்போம்.

எங்கள் வீட்டு நோட்டில் முதல் பெயராக ஐயாவின் தம்பி பெயரை எழுதியிருக்கிறேன்.