எரிகிற வீட்டுக்கு இன்ஷூரன்ஸ்!

எரிந்துகொண்டிருக்கிற வீட்டுக்கு யாராவது தீ விபத்து இன்ஷூரன்ஸ் தருவார்களா? சர்க்கரை வியாதியும் பலவீனமான இதயமுமாக ஒரு எழுபது வயது தாத்தா வந்து நின்றால், இன்ஷூரன்ஸ்காரர் கண்ணுக்கு அவரும் எரிகிற வீடுதான்!

அமெரிக்காவில் 1965-க்கு முன்பு, வயதானவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கிடையாது. அந்த வருடம் ஜூலை 30-ம் தேதி, அதிபர் ஜான்சன் 'மெடிகேர்' சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 65 வயதைத் தாண்டியவர்களின் வைத்தியச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. முதல் அட்டை யாருக்குத் தெரியுமா? இருபது வருடம் முன்பே இப்படியொரு திட்டம் கேட்டுத் தோற்றுப்போன முன்னாள் அதிபர் ட்ரூமனுக்கு!

1980-களில் தனியார் கம்பெனிகளும் மெடிகேருக்குள் பெரிய அளவில் நுழைந்தன. அரசு தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. வயசு, ஊர் மாதிரி சில விஷயங்களைப் பார்த்தார்களே தவிர, வியாதியைப் பார்க்கவில்லை. அப்புறம் என்ன... ஆரோக்கியமான கிழவர் லாபம், நோயாளி நஷ்டம்!

2000-லிருந்து கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. வியாதி அதிகமென்றால் பணமும் அதிகம். 2003-ல் புஷ் கையெழுத்திட்ட சட்டம், தீராத நோயாளிகளுக்கென்றே தனித் திட்டங்கள் நடத்த வழிவிட்டது. நஷ்டக் கணக்கில் இருந்த தாத்தாவுக்கு வாசலில் வரவேற்பு!

சும்மா இருப்பார்களா? நோயாளிகளுக்கு இல்லாத வியாதியையும் எழுதிக் கூடுதல் பணம் வாங்கியதாகச் சில மெடிகேர் கம்பெனிகள் மீது வழக்குகள் பாய்ந்தன.

கம்பெனியின் மனசு அப்படியேதான் இருக்கிறது, கவனியுங்கள். மாறியது கணக்கு! அதைச் சரிபார்க்க ஆள் இருக்கிற வரைதான், அந்தப் பணம் தாத்தாவுக்கு வைத்தியமாகப் போய்ச் சேரும்.