மரங்கொத்தியின் உடலமைப்பு: லண்டன் ஆய்வு வரலாறு

மரங்கொத்தி பிசிடே குடும்பத்துப் பறவை. செங்குத்தான அடிமரத்தில் ஏறவும், பட்டைக்கடியில் வாழும் புழுபூச்சிகளை எடுத்துத் தின்னவும், மரத்தைக் குடைந்து பொந்து அமைக்கவும் ஏற்றபடி இதன் கால், வால், அலகு, நாக்கு ஆகிய நான்கும் அமைந்துள்ளன. இந்நான்கையும் பற்றிய முக்கிய எழுத்துகள் பல, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி லண்டனில் அச்சாயின. இறைவனின் படைப்புத் திறனுக்குச் சான்றாக முதலில் காட்டப்பட்ட இவ்வுடல் பின்னர் இயற்கைத் தேர்வுக் கொள்கைக்குச் சான்றாயிற்று. அக்கொள்கை எதிர்கொண்ட சிக்கல் ஒன்றுக்கும் இதே பறவைக் குடும்பம் எடுத்துக்காட்டாயிற்று. லண்டன் வட்டாரத்துக்கு உரியவை பச்சை மரங்கொத்தி, பெரிய புள்ளி மரங்கொத்தி, சிட்டுக்குருவியளவே உள்ள சிறிய புள்ளி மரங்கொத்தி ஆகிய மூன்று இனங்கள். தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளில் காணப்படும் பொன்முதுகு மரங்கொத்தியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

உடலமைப்பு

கால்விரல்கள் நான்கில் இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இருக்கும். நகங்கள் வளைந்து கூரியவை. வால் இறகுகளின் தண்டு விறைப்பானது. மரத்தில் ஏறும்போது பறவை வாலை அடிமரத்தில் ஊன்றி உடலைத் தாங்கிக்கொள்கிறது. பெரும்பாலான பறவைகளில் வாலின் நடு இறகுகள் முதலில் உதிரும். மரங்கொத்தியில் நடுவிலுள்ள இணை கடைசியாகவே உதிர்கிறது. மற்றவை வளர்ந்து உறுதிப்படும் வரை அந்த இரண்டு இறகுகளே பாரத்தைச் சுமக்கின்றன. அலகு உளி போன்றது. மூக்குத்துளைகளை மூடியிருக்கும் மயிர்போன்ற சிற்றிறகுகள் மரத்தூள் உள்ளே புகாமல் தடுக்கின்றன.

நான்கிலும் மிகுதியாக எழுதப்பட்டது நாக்கே. நாவடி எலும்பின் இரு கொம்புகளும் தொண்டையிலிருந்து பின்னோக்கிச் சென்று, மண்டையோட்டின் பின்புறம் வளைந்து, உச்சந்தலை வழியாக நெற்றிக்கு வருகின்றன. பச்சை மரங்கொத்தியில் அவை வலப்பக்க மூக்குத்துளையின் அருகுவரை எட்டுகின்றன. கொம்புகளை உறைபோல் சூழ்ந்துள்ள தசை சுருங்கும்போது அவை மண்டையோட்டோடு இறுகி, நாக்கு வெளியே தள்ளப்படுகிறது. பச்சை மரங்கொத்தி அலகு நுனியைத் தாண்டிச் சுமார் 10 செ.மீ. வரை நாக்கை நீட்டும். அதன் நாக்கு பிசுபிசுப்பானது, எறும்பு பிடிக்க உதவுவது. புள்ளி மரங்கொத்திகளின் நாக்கு நுனியில் பின்னோக்கிய முட்கள் உண்டு; துளைக்குள் இருக்கும் புழுவை அவை கோத்து இழுக்கின்றன.

17, 18ஆம் நூற்றாண்டுகள்

மரங்கொத்தியின் நாக்கை முதலில் முறையாக விவரித்தவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நியூரம்பர்க் நகர மருத்துவர் வோல்கர் கொய்ட்டர் 1575இல் வெளியிட்ட பறவை எலும்புக்கூட்டு நூலே முந்தியது என்பர். அதற்கும் முன்பு லியனார்டோ டா வின்சி, மரங்கொத்தியின் நாக்கையும் முதலையின் தாடையையும் விவரிக்க வேண்டும் என்று தமக்கே ஒரு நினைவுக் குறிப்பு எழுதி வைத்தார். அக்குறிப்புள்ள தாள் இன்று லண்டனை அடுத்த வின்சர் கோட்டையின் அரச சேகரிப்பில் உள்ளது.

லண்டனில் இவ்வரலாறு ஃபிரான்சிஸ் வில்லபியின் பறவை நூலோடு தொடங்குவதாகக் கொள்ளலாம். வில்லபி 1672இல் இறந்தபின் அவருடைய நண்பர் ஜான் ரே அந்நூலை முடித்து, 1676இல் லத்தீனிலும் 1678இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். ரே 1691இல் எழுதிய படைப்பில் வெளிப்படும் இறைஞானம் பற்றிய நூலில் மரங்கொத்தியின் நீளும் நாக்கு, குட்டையான வலிய கால், முன்னிரண்டும் பின்னிரண்டுமான விரல்கள், விறைத்த வால் ஆகியவை ஒரே பட்டியலாக வருகின்றன. அடுத்த இரு நூற்றாண்டுகளில் இப்பறவையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலையே பின்பற்றினர்.

லண்டன் அரச அறிவியல் கழகத்தின் செயலாளராக இருந்த ரிச்சர்டு வாலரின் கட்டுரை 1716இல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. மரங்கொத்தியின் நாக்கை இயற்கையின் விந்தையான எந்திரம் என்று அவர் தலைப்பிலேயே குறிப்பிட்டார். ராபர்ட் ஹூக் விட்டுச்சென்ற கட்டுரைகளைத் தொகுத்து 1705இல் பதிப்பித்தவரும் இவரே. பாரிஸில் ழான் மெரி 1709இலும், இத்தாலியரான பொரெல்லி அதற்கு முன்பும் இதே நாக்கின் இயக்கத்தை ஆராய்ந்திருந்தனர்.

பொன்முதுகு மரங்கொத்தி ஐரோப்பிய அறிவியலில் நுழைந்ததும் லண்டன் வழியாகத்தான். பட்டுத்துணிகளுக்குப் பூவேலைக் கோலங்கள் வரைந்து பிழைத்த ஜோசப் டேண்டிரிட்ஜ், பூச்சிகளையும் பறவைகளையும் சேர்ப்பதில் ஆர்வம் கொண்டவர். அவரிடம் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மரங்கொத்தியின் உலர்ந்த உடல் இருந்தது. ஓவியர் எலியேசர் ஆல்பின் 1738இல் அதை வங்காள மரங்கொத்தி என்று வரைந்து வெளியிட்டார். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் அதே உடலை நேரில் பார்த்து 1751இல் மீண்டும் வரைந்தார். சுவீடனின் லின்னேயஸ் 1758இல் இவ்விருவரையும் மேற்கோள் காட்டி அப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். வங்காளத்தைக் குறிக்கும் அப்பெயரே, மதுரையில் தென்னை மரத்தைத் தட்டும் பறவைக்கும் இன்று வழங்குகிறது. இதன் யாழ்ப்பாணக் கிளையினத்தை 1944இல் ஹியூ விஸ்லர் தனியே பிரித்துப் பெயரிட்டார்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குறிப்பிடத்தக்க புதிய உடற்கூற்றுச் செய்தி குறைவு. வில்லியம் பேலி 1802இல் வெளியிட்ட இயற்கை இறையியல் நூலில், வடிவமைத்தவன் ஒருவன் உண்டு என்பதற்கு மரங்கொத்தியின் நாக்கையும் சான்றுகளில் ஒன்றாகச் சேர்த்தார்.

டார்வினும் ஹட்சனும் (1859–1872)

சார்லஸ் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் 1859 நவம்பர் 24 அன்று லண்டனில் ஜான் மரே பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. அதன் முன்னுரையிலேயே மரங்கொத்தி இடம்பெறுகிறது. தட்பவெப்பம், உணவு முதலிய புறச்சூழல்களே உயிரினங்களை மாற்றுகின்றன என்ற கருத்து அக்காலத்தில் இருந்தது. பட்டைக்கடியில் பூச்சி பிடிக்க இவ்வளவு பொருத்தமாக அமைந்த காலும் வாலும் அலகும் நாக்கும் வெறும் சூழலால் மட்டும் வந்துவிடா என்பது டார்வினின் வாதம். அவர் எடுத்துக்கொண்ட நான்கு உறுப்புகளில் அலகு தவிர மற்ற மூன்றும் ரேயின் பட்டியலில் இருந்தவை. ரே அவற்றில் கண்ட பொருத்தத்தை டார்வினும் ஏற்றார். காரணத்தை மட்டும் மாற்றினார்.

நூலின் ஆறாம் இயலில் மரங்கொத்தி மறுபடியும் வருகிறது. தம் கொள்கைக்கு எழக்கூடிய இடர்களை டார்வின் அங்கே தாமே எடுத்துக்கூறுகிறார். தென் அமெரிக்காவில் லா பிளாட்டா சமவெளியில், மரமே இல்லாத நிலத்தில், ஒரு மரங்கொத்தி வாழ்கிறது. உடலமைப்பு, நிறம், கரகரத்த குரல், அலையலையான பறத்தல் எல்லாவற்றிலும் அது மரங்கொத்தியே, ஆனால் மரம் ஏறுவதில்லை என்று அவர் எழுதினார். நீரை அரிதாகவே நாடும், ஆனால் விரலிடைத் தோல் கொண்ட மேட்டுநில வாத்தினமும் இதே பகுதியில் வருகிறது. ஒவ்வோர் உயிரும் இன்றுள்ளபடியே தனித்தனியாகப் படைக்கப்பட்டிருந்தால், உடலும் வாழ்க்கையும் இப்படிப் பொருந்தாமல் நிற்பானேன் என்பது அவர் கேள்வி. மூதாதையர் வழிவந்த உடல் அப்படியே இருக்க வாழ்க்கைமுறை முதலில் மாறிவிட்டது என்பது அவர் தந்த விடை.

இதை மறுத்தவர் வில்லியம் ஹென்றி ஹட்சன். 1841இல் அர்ஜென்டினாவில் பிறந்து பாம்பாஸ் புல்வெளியில் வளர்ந்த இவர், அங்கிருந்து லண்டன் விலங்கியல் சங்கத்தின் செயலாளர் பி. எல். ஸ்கிளேட்டருக்குப் பறவைகள் பற்றிக் கடிதங்கள் எழுதிவந்தார். 1870இல் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டில் வெளியான கடிதம் ஒன்றில், அந்த மரங்கொத்தி மரம் ஏறும், மரத்தைக் குடைந்தே கூடு கட்டும், பாம்பாஸில் அது அருகிக் காணப்படுவதற்கு அங்கே மரம் இல்லாததே காரணம் என்றார். டார்வின் எழுதியது உண்மையிலிருந்து வெகுதூரம் விலகியது என்னும் பொருளில் அவர் கடுமையாகவே சாடினார். அப்போது ஹட்சனுக்கு வயது முப்பதைத் தொடவில்லை.

அச்சில் மறுப்புக்கு மறுப்பு எழுதுவதை டார்வின் பெரும்பாலும் தவிர்த்தவர். இம்முறை அதே ஏட்டில், அதே ஆண்டில், சிறு குறிப்பு ஒன்றை வெளியிட்டார். தாம் அப்பறவையைக் கண்டது இன்றைய உருகுவேயில் உள்ள மால்டொனாடோ வட்டாரத்தில் என்றும், அது காடுகளை நாடாது, மண்கரையில் பொந்து குடைந்து கூடமைக்கும் என்று ஸ்பானியரான அசாராவும் எழுதியிருக்கிறார் என்றும் சுட்டினார். வேறு வட்டாரத்தில் அதன் பழக்கம் வேறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். தெரிந்தே திரித்து எழுதியதாக யாரும் தம்மைக் குற்றம் சாட்டுவதை விரும்பவில்லை என்ற வருத்தமும் அதில் வெளிப்படுகிறது. 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் அப்பகுதியை அவர் திருத்தினார். சில பெரிய வட்டாரங்களில் இப்பறவை மரம் ஏறுவதில்லை. வேறு சிலவற்றில், ஹட்சன் சொல்வதுபோல், மரத்தை நாடித் தண்டில் பொந்து குடைகிறது என்பது திருத்திய வடிவம். மறுத்தவரின் பெயரே இவ்வாறு நூலுக்குள் இடம்பெற்றுவிட்டது.

இருவரில் யார் சொன்னது சரி என்பது பற்றிக் கருத்துகள் வேறுபடுகின்றன. இப்பறவை பெரும்பாலும் தரையில் எறும்பு மேய்வது. மண்கரையிலும் கறையான் புற்றிலும் மரத்திலும் கூடமைப்பது. ஆகவே இருவரும் தத்தம் வட்டாரத்தில் கண்டதைப் பொதுவிதியாக்கினர் என்று கருத இடமுண்டு. மரம் ஏறவே பிறந்ததுபோல் தோன்றும் பறவை புல்லில் மேய்வதைக் காண லா பிளாட்டா வரை போகவேண்டியதும் இல்லை. லண்டன் ரிச்மண்ட் பூங்காவின் எறும்புப் புற்றுகளிடையே பச்சை மரங்கொத்தி செய்வதும் அதுவே.

ஹட்சன் 1874இல் இங்கிலாந்துக்கு வந்தார். தம் வாழ்வின் பிற்பகுதியை லண்டன் வெஸ்ட்போர்ன் பார்க் பகுதியில் கழித்து, 1898இல் லண்டன் பறவைகள் பற்றித் தனிநூல் எழுதினார். 1922இல் இறந்த அவர் நினைவாக ஹைட் பூங்காவில் பறவைப் புகலிடம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்குள்ள ஜேக்கப் எப்ஸ்டீனின் சிற்பம் 1925இல் திறக்கப்பட்டபோது பெரும் சர்ச்சைக்குள்ளாயிற்று. டார்வின் வாழ்ந்த டவுன் சிற்றூரும் 1965 முதல் பெருநகர லண்டனின் எல்லைக்குள் வந்துவிட்டது.

அருங்காட்சியகக் காலம்

டபிள்யூ. கே. பார்க்கர் மரங்கொத்திகளின் மண்டையோடு பற்றி 1875இல் லின்னேயன் சங்க வெளியீட்டில் எழுதினார். அவற்றின் அண்ண எலும்புகள் பல்லியினத்தை ஒத்தவை என்ற அவர் கருத்தைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை. ஏ. ஓ. ஹியூம் சிம்லாவில் சேர்த்துவைத்திருந்த 60,000க்கும் மேற்பட்ட இந்தியப் பறவைத் தோல்களை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அங்கிருந்த மரங்கொத்திகள் அனைத்துக்கும் ஓவியர் எட்வர்டு ஹார்கிட் தயாரித்த விளக்க அட்டவணை 1890இல் வெளிவந்தது. பறவைத் தொகுப்பு 1970களின் தொடக்கத்தில் தென் கென்சிங்டனிலிருந்து டிரிங் நகருக்கு மாற்றப்பட்டது.

20ஆம் நூற்றாண்டும் பின்னரும்

20ஆம் நூற்றாண்டில் ஆய்வின் மையம் பெரும்பாலும் அமெரிக்காவுக்கு நகர்ந்தது. வால்டர் பாக், வால்ட்ரன் மில்லர் ஆகியோரின் ஆய்வு 1959இல் நியூயார்க்கில் வெளியாயிற்று. ஏறும்போது மரங்கொத்தியின் விரல்கள் முன்னிரண்டும் பின்னிரண்டுமாக நிற்பதில்லை, நான்காம் விரல் பக்கவாட்டில் விரிகிறது என்று அது காட்டியது. கிளிக்கும் குயிலுக்கும் உள்ள இருமுன் இருபின் அமைப்பை ஏறுவதற்கென்றே தோன்றியதாகக் கொள்வது இதனால் ஐயத்துக்குரியதாயிற்று. பாடநூல்கள் பல இன்னும் பழைய விளக்கத்தையே தருகின்றன.

நொடிக்குச் சுமார் 20 முறை மரத்தைத் தட்டும் பறவையின் மூளை ஏன் சேதமடைவதில்லை என்ற கேள்வி, 1976இல் லண்டன் மருத்துவ இதழான தி லான்செட்டில் பிலிப் மே குழுவினரின் கட்டுரையால் பரவலாயிற்று. மண்டையோட்டிலுள்ள பஞ்சுபோன்ற எலும்பும் தலையைச் சுற்றிய நாவடி எலும்பும் அதிர்ச்சியைத் தாங்குகின்றன என்ற விளக்கம் நெடுநாள் செல்வாக்குடன் இருந்தது. லண்டன் விலங்கியல் சங்கத்தின் ஆய்விதழில் 2006இல் லோர்னா கிப்சன், மூளை சிறிதாக இருப்பதையும் மோதல் நேரம் மிகக் குறைவாக இருப்பதையும் முக்கியக் காரணங்களாகக் கணக்கிட்டார். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஆய்வாளர்கள் 2022இல் மூன்று மரங்கொத்தி இனங்களை அதிவேக ஒளிப்பதிவு செய்து, தலை அதிர்ச்சியைத் தணிப்பதில்லை, விறைப்பான சுத்தியலாகவே இயங்குகிறது என்றனர். அதிர்ச்சியைத் தணித்தால் கொத்தும் வலிமையும் வீணாகும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அருங்காட்சியக மரங்கொத்திகளின் மூளையில் டௌ என்னும் புரதம் சேர்ந்திருப்பதைக் கண்டது. அது காயத்தின் அடையாளமா, காப்பா என்பது முடிவாகவில்லை.

இதற்கிடையே லண்டன் வட்டார மரங்கொத்திகளின் நிலையும் மாறியது. 1970களில் டச்சு எல்ம் நோயால் எல்ம் மரங்கள் பட்டுப்போனது பெரிய புள்ளி மரங்கொத்தியின் பெருக்கத்துக்கு உதவியதாகக் கருதப்படுகிறது. சிறிய புள்ளி மரங்கொத்தி 2002 முதல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் உள்ளது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, கழுத்தைத் திருகும் பழக்கமுள்ள ரைநெக் ஒருகாலத்தில் தென் இங்கிலாந்தின் பழத்தோட்டங்களில் கூடுகட்டியது. இன்று பெரும்பாலும் வலசைப் பறவையாகவே தென்படுகிறது. ரிச்மண்ட் பூங்காவின் பழைய ஓக் மரங்களும், அவற்றின் பட்ட மரத்தில் வாழும் வண்டினங்களும் 1992 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றுள்ளன.