வயதுக் கணக்குகள்

இருவரின் வயதைப் பற்றி இரண்டு செய்திகளைத் தந்து, அவர்களுக்கு என்ன வயது என்று கேட்பவை வயதுக் கணக்குகள். ஒவ்வொரு செய்தியும் ஒரு நேரிய சமன்பாடாகிறது; பிரதியிடல் முறையிலோ நீக்கல் முறையிலோ விடை காணலாம். தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் இம்முறைகள் கற்பிக்கப்படுகின்றன.

ஆட்களுக்குப் பதில் ஆலைகளையும் எடுத்துக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் தொடங்கியது. இந்த ஆண்டுகளை மறைத்துவிட்டு இப்படிக் கேட்கலாம்: 2013இல் மூத்த ஆலையின் வயது இளையதைப் போல் 5 மடங்கு, 9 ஆண்டுகள் கழித்து 2 மடங்கு. 2013இல் அவற்றின் வயது என்ன?

மூத்ததன் வயது ம, இளையதன் வயது இ எனில்,
ம = 5இ
ம + 9 = 2(இ + 9)

முதலாவதை இரண்டாவதில் பிரதியிட்டால் 5இ + 9 = 2இ + 18. எனவே இ = 3, ம = 15.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் அந்த அடைப்புக்குறிதான். அதை விட்டுவிட்டு 2இ + 9 என்று எழுதினால் இரண்டு வயதும் பூச்சியமாகிவிடும். 9 ஆண்டுகளை மூத்ததற்கு மட்டும் கூட்டி, ம + 9 = 2இ என்று எழுதினால் இ = –3 என வரும். இப்படிப் பொருந்தாத விடை வந்தால், சமன்பாடு அமைத்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.

இக்கணக்குகளின் உயிர்நாடி, வயது வேறுபாடு மாறாது என்பதே. மடங்குதான் ஆண்டுக்காண்டு குறைகிறது. மேற்கண்ட ஆலைகளுக்கு வேறுபாடு 12. முழு மடங்காக அமைவது 2011 (13), 2012 (7), 2013 (5), 2014 (4), 2016 (3), 2022 (2) ஆகிய ஆண்டுகளில் மட்டுமே. வேறுபாடு மாறாததால், 'இன்று வேறுபாடு 12, ஐந்தாண்டு கழித்தும் 12' என்ற இரு செய்திகள் உண்மையில் ஒரே செய்தி; தீர்வுகள் எண்ணற்றவை. ஐந்தாண்டு கழித்து 15 என்றாலோ இரு சமன்பாடுகளின் கோடுகள் இணையாகி, தீர்வே இராது.

இருவரும் தொடர்ந்து இருப்பார்கள் என்பது இதில் சொல்லாமலே ஏற்கப்படும் நிபந்தனை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஹூண்டாய் ஆலைக்கு அப்போது வயது 16, நோக்கியா ஆலைக்கு 8. அதன்பின் ஒரு பக்கம் மட்டுமே ஆண்டுகளைக் கூட்ட முடியும். கணித அறிஞர் டயோஃபாண்டஸின் ஆயுளைக் கேட்கும் பழைய கிரேக்கப் புதிரும் இத்தகையதே. அதில் மகன் தந்தையின் ஆயுளில் பாதியே வாழ்ந்து இறக்கிறான். தந்தை மேலும் 4 ஆண்டுகள் வாழ்கிறார். ஒரே மாறியில் அமையும் அக்கணக்கில், புதிரின் மற்ற செய்திகளையும் சேர்த்தால், மகனின் ஆயுள் 42, தந்தையின் ஆயுள் 84.