ஆறு வோல்ட் வண்டியில் ஒரு செருகுவாய்

மைசூரு யாதவகிரியில் 1960இல் தொடங்கப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1961 முதல் 250 சிசி ஜாவாவையும், 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் அதன் வழிவந்த வண்டிகளையும் அது உற்பத்தி செய்தது. ஆலை மறைந்தும் வண்டிகள் மறையவில்லை. அவற்றை இன்றும் ஓட்டுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் ஒன்று, மேலோட்டமாகப் பார்த்தால் அற்பமானது: கைப்பேசிக்கு மின்னேற்ற ஒரு சாக்கெட்டை எங்கே பொருத்துவது?

உண்மையில் கேள்வி இடத்தைப் பற்றியதன்று, மிச்சத்தைப் பற்றியது. அன்றைய ஜாவாவின் டைனமோ 6 வோல்ட்டில் 45 வாட் தரக்கூடியது. அதாவது ஏழரை ஆம்பியர். அதுவும் எஞ்சின் போதிய வேகத்தில் சுழலும்போது மட்டுமே. முகப்பு விளக்கு, பின்விளக்கு, ஒலிப்பான், தீப்பொறிச் சுருள் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். சிக்னலில் நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது சுமையைத் தாங்குவது பேட்டரியே. 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கேட்கும் கைப்பேசி, மாற்றியில் வீணாவதைச் சேர்க்காமலே, 10 வாட்டை எடுத்துக்கொள்கிறது. மொத்த உற்பத்தியில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். தீப்பொறியும் அதே பேட்டரியை நம்பியிருப்பதால், இரவுப் பயணத்தில் கைப்பேசி நிறைய நிறைய வண்டி நின்றுபோகும் வாய்ப்பு வளர்கிறது.

சந்தையில் கிடைக்கும் வட்டச் செருகுவாயோ 12 வோல்ட் உலகின் பிள்ளை. கார்களில் சிகரெட் பற்றவைக்க அமைந்த துளை அது. புகைப்பவர் குறைந்தும் துளை நிலைத்தது; பேச்சுவழக்கில் ‘லைட்டர் சாக்கெட்’ என்ற பெயரும் நிலைத்தது. பயன் மாறியபின்னும் பெயர் மாறாத சொற்களுக்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை. 6 வோல்ட் வண்டியில் அதைப் பொருத்தினால், 12 வோல்ட்டை எதிர்பார்க்கும் மின்னேற்றி பெரும்பாலும் இயங்காது. குறைந்த மின்னழுத்தத்தை ஏற்கும் தனி மாற்றி தேவைப்படும்.

டைனமோவைக் கழற்றி 12 வோல்ட் மின்னாக்கியைப் பொருத்துவது மற்றொரு வழி. இங்குதான் வரலாற்று ஆர்வலர் தயங்குகிறார், தயக்கம் நியாயமானதே. ஜாவாவில் டைனமோ வெறும் உதிரி உறுப்பன்று. அது வளைதண்டின் முனையிலேயே அமர்ந்திருக்கிறது. தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனையும் அதே மூடிக்குள் இருக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். விளக்குகளும் ஒலிப்பானும் பேட்டரியும் பின்தொடரும். ஒரு செருகுவாய்க்காக அந்தக் காலத்து மின்னமைப்பு முழுவதும் வெளியேறிவிடும். அன்றாடம் ஓட்டுபவருக்கு அது லாபம். 1960களின் தொழில்நுட்பத்தை அறிய வண்டியையே ஆவணமாகக் கொள்பவருக்கு அது கிழிக்கப்பட்ட பக்கம்.

2018இல் மறுபிறவி எடுத்த ஜாவாவுக்கு இச்சிக்கல் இல்லை. அது 12 வோல்ட் வண்டி. பிறந்த இடம் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர், மைசூரு அன்று. பழைய வண்டிக்கோ எளிய தீர்வு ஒன்று உண்டு: தனியே மின்னேற்றிய சிறு பேட்டரியைக் கருவிப்பெட்டியில் வைத்து, வண்டியின் ஒரு கம்பியையும் தொடாமல் கைப்பேசியை அதனோடு இணைப்பது.